மலைமனிதர் மரபும் நாய்க்குருளையின் பெயரும்

முன்னுரை

பெயர் என்பது ஒரு பொருளை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும் குறியீடு என்பர் இலக்கண நூலார். ஆயினும் பெயரிடுதல் என்னும் செயலில் அதனினும் ஆழமானதொரு பொருள் உண்டு. பெயரிடுபவருக்கும் பெயர் பெறுவதற்கும் இடையே அக்கணத்தில் ஓர் உறவு தோன்றிவிடுகிறது. தெருவில் அலையும் நாய்க்குப் பெயர் இல்லை. அந்நாயையே ஒரு வீட்டுச் சிறுவன் ஒரு சொல்லால் அழைக்கத் தொடங்கிவிட்டால், அது பசித்திருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்று கேட்பதற்கு உலகில் ஒருவர் உண்டாகிவிடுகிறார்.

தமிழ் மொழி இளமைப் பெயர்களிலே மிகுந்த கருத்துச் செலுத்திய மொழி. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் 'குருளை' என்னும் பெயரை வகுத்துரைக்கிறது. இது இனத்திற்குரிய பொதுப்பெயர். ஒரு குருளைக்கு மட்டுமே உரிய சிறப்புப் பெயரை எவ்வாறு தேர்வது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது அற்பமான பொருள் என்று எவரும் கருத வேண்டியதில்லை. சாக்ரட்டீசின் மாணவராகிய கிரேக்க அறிஞர் செனோபோன், வேட்டைக்கலை குறித்துத் தாம் எழுதிய நூலில், நாய்களுக்குரிய பெயர்கள் எளிதில் கூவி அழைக்கத்தக்கவாறு குறுகியனவாக இருத்தல் வேண்டும் என்று கூறி, 47 பெயர்களைப் பட்டியலிட்டுத் தந்துள்ளார். ஈட்டி, காவலன், இளமை, மகிழ்ச்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் அவற்றுள் அடங்கும். திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் குகைத் தோழர்களின் வரலாற்றைக் கூறுமிடத்து, வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த அவர்களுடைய நாயையும் குறிப்பிடுகிறது. அதன் பெயர் அங்கே கூறப்படவில்லை. ஆனால் விரிவுரையாளர் மரபு அதற்குக் 'கித்மீர்' என்று பெயர் வழங்கி வந்துள்ளது. துணை நின்ற உயிரைப் பெயரில்லாமல் விட்டுவிட மனித மனம் ஒப்புவதில்லை என்பதற்கு இவை சான்றுகளாம்.

அமெரிக்க நாட்டில் தம் நாய்க்குட்டிகளுக்கு எல்லைப்புற மலைமனிதர்களின் கதைகளிலிருந்து பெயர் தேர்ந்து சூட்டுவோர் பலர் உளர். அக்கதைகளை உற்று நோக்கினால், ஒரு பெயரைத் தேர்வதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பது நன்கு விளங்கும்.

மலைமனிதர் யாவர்?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்கள் அணிந்த உயர்தரத் தொப்பிகள் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரால் செய்யப்பட்டன. அவ்விலங்கைப் பொறிவைத்துப் பிடிப்பதற்காக ராக்கி மலைத்தொடருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்த வேட்டுவர்களே மலைமனிதர் எனப் பெயர் பெற்றனர். 1822ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஆஷ்லி என்பார், மிசௌரி ஆற்றின் தலைப்பகுதிவரை செல்லத் துணிந்த நூறு இளைஞர்கள் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் வெளியிட்டார். பின்னாளில் புகழ்பெற்ற மலைமனிதர் பலர் ஆஷ்லியின் குழுக்களில் பணியாற்றியவர்களே.

1825 முதல் 1840 வரை ஆண்டுதோறும் கோடையில் இவர்கள் ஓரிடத்தில் கூடித் தோல்களைக் கொடுத்து வெடிமருந்து, காப்பி, சர்க்கரை, துணி முதலியவற்றைப் பெற்றுச் சென்றனர். பின்னர்ப் பட்டுத்தொப்பி வழக்கிற்கு வந்தது, பீவரும் அருகிப்போயிற்று. தொழில் நலிந்தது. தொழில் நடந்த காலம் ஒரு தலைமுறை அளவே ஆயினும், அது விட்டுச்சென்ற கதைகள் இன்றும் அழியவில்லை. இக்கதைகளில் பாதி வரலாறு. பாதி குளிர்கால இரவுகளில் தீயைச் சுற்றியமர்ந்து வளர்த்த கற்பனை. இரண்டையும் பிரித்தறிந்த பின்னரே அவற்றிலிருந்து பெயர் எடுத்தல் நன்று.

கடலோடி என்னும் காரணப்பெயர்

மலைமனிதருக்கு வழிதிறந்த பயணம் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவரும் 1804 முதல் 1806 வரை நடத்திய மேற்றிசைப் பயணமாகும். லூயிஸ் புறப்படுமுன் 20 டாலர் கொடுத்து நியூஃபவுண்ட்லாந்து இனத்து நாய் ஒன்றை வாங்கினார். உடல் பெருத்த, நீந்துவதில் வல்ல இனம் அது. கப்பலில் வேலைசெய்யும் மாலுமிகள் விரும்பி வளர்த்தது. அதற்கேற்ப லூயிஸ் தம் நாய்க்குச் 'சீமன்' என்று பெயரிட்டார். கடலோடி என்பது இதன் பொருள். நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் இருவகைப் பெயர்களுள் இது காரணப்பெயராம்.

பெயருக்கேற்ற செயல்களையும் அந்நாய் செய்தது. ஒஹையோ ஆற்றை நீந்திக் கடந்த அணில்களைப் பற்றிக் கொணர்ந்து தலைவனுக்கு உணவாக்கியது. 1803ஆம் ஆண்டு நவம்பரில் ஷானி இனத்தவர் ஒருவர் மூன்று பீவர் தோல்களுக்கு அதனை விலைக்குக் கேட்டார். லூயிஸ் கொடுக்க மறுத்தார். 1805 மே மாதத்தில் காயமுற்ற பீவர் ஒன்று அதன் பின்னங்காலைக் கடித்துக் குருதிக்குழாயை அறுத்தது. பிழைப்பது அரிது என்று லூயிஸ் அஞ்சினார், ஆயினும் பிழைத்தது. அதே மாத இறுதியில் ஓரிரவு காட்டெருமை ஒன்று பாசறைக்குள் பாய்ந்து, உறங்குவோர் தலைமாட்டருகே ஓடியபோது, இந்நாய் குரைத்து அதனைத் திசைதிருப்பியது. 1806 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றங்கரையில் இதனைச் சிலர் கவர்ந்து சென்றபோது, லூயிஸ் மூவரை ஆயுதத்துடன் அனுப்பி மீட்டார்.

இதே பயணக்குழுவினர் உணவு கிடைக்காத காலங்களில் பழங்குடியினரிடமிருந்து நாய்களை விலைக்கு வாங்கி உண்டனர். அவ்வாறு உண்ணப்பட்டவை இருநூற்றுக்கும் மேற்பட்டவை என்று நாட்குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஒன்றன் பெயரேனும் அக்குறிப்புகளில் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. பெயர் பெற்ற நாய்க்காக மூவர் துப்பாக்கி ஏந்திச் சென்றனர்; பெயரில்லா நாய்கள் உலையில் வெந்தன. பெயரிடுதல் ஏதோ விளையாட்டன்று என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேண்டுவதில்லை.

பிழையாகப் படிக்கப்பட்ட பெயர்

இந்நாயின் பெயர்க்கு நேர்ந்த விபத்தொன்று தமிழ்த்துறை மாணவர்கள் சிறப்பாக அறிதற்குரியது. பயணக்குழுவினரின் கையெழுத்து நாட்குறிப்புகளைப் பதிப்பித்தவர்கள் இப்பெயரைச் 'சீமன்' என்று படிக்காமல் 'ஸ்கானன்' என்று படித்துவிட்டனர். கையெழுத்தில் சில ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோல் தோன்றியமையே காரணம். பல பத்தாண்டுகள் நூல்களும் நினைவுச் சின்னங்களும் இப்பிழைப்பெயரையே வழங்கின.

வரலாற்றறிஞர் டொனால்ட் ஜாக்சன் மொண்டானா மாநிலத்து இடப்பெயர்களை ஆராய்ந்து வந்தபோது, 1806 ஜூலையில் லூயிஸ் ஓர் ஓடைக்குச் 'சீமன் ஓடை' என்று பெயரிட்டிருத்தலைக் கண்டார். அப்பெயருடையார் எவரும் குழுவில் இல்லை. அங்ஙனமாயின் இது நாயின் பெயராக இருக்கக்கூடுமோ என்று ஐயுற்று மூலச் சுவடிகளை மீண்டும் ஒப்பிட்டு, உண்மைப் பெயரை 1985இல் வெளியிட்டார். 1814ஆம் ஆண்டு வெளிவந்த கல்லறை வாசகத் தொகுப்பு நூலொன்றிலும், லூயிசுக்குரிய இந்நாயின் கழுத்துப்பட்டையில் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருந்த செய்தி காணப்படுகிறது. அவ்வோடை இன்று மோன்ச்சூர் ஓடை எனப்படுகிறது.

புள்ளியிடாத ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களையும், ரகரத்தையும் காலையும் பிரித்தறிய இயலாது இடர்ப்பட்ட நம் பதிப்பாசிரியர்களின் நிலையை நினைவிற் கொண்டால், இவ்விபத்தின் இயல்பு நமக்கு எளிதில் புலனாகும். ஓர் எழுத்துப் பிழையால் கடலோடி தன் பொருளையே இழந்தது. ஓர் இடப்பெயரே அதனை மீட்டுக் கொடுத்தது.

கரடிக்குப் பெயரிட்டவர்

நாய்க்குப் பெயர் தேடுவோர், மலைமனிதர் தாமே விலங்குகளுக்கு எவ்வாறு பெயரிட்டனர் என்று காண்பது பொருத்தமாகும். 'கிரிஸ்லி ஆடம்ஸ்' என வழங்கப்பெற்ற ஜான் ஆடம்ஸ் (1812-1860) கலிஃபோர்னிய மலைகளில் வாழ்ந்தவர். பழுப்புக் கரடிகளைப் பிடித்துப் பழக்கியவர். தம் பெண்கரடிக்கு 'லேடி வாஷிங்டன்' என்றும், ஆண்கரடிக்குப் 'பென் ஃபிராங்க்ளின்' என்றும் பெயரிட்டார். முன்னது நாட்டின் முதல் தலைவரது துணைவியாரை மக்கள் அழைத்த பெயர். பின்னது அறிவியலறிஞரும் அரசியல் மேதையுமாகிய ஒருவரின் பெயர்.

1854இல் யோசெமிட்டி அருகே பென் ஃபிராங்க்ளினைக் கண்திறவாக் குட்டியாகக் கைப்பற்றிய ஆடம்ஸ், அண்மையில் ஈன்றிருந்த தம் வேட்டைநாயிடம் அதனைப் பாலுண்ண விட்டார். அந்நாயின் குட்டிக்கு 'ராம்ப்ளர்' என்று பெயர். சுற்றித்திரிவோன் என்பது பொருள். கரடிக்குட்டியும் நாய்க்குட்டியும் ஒரு தாய்ப்பால் உண்டு வளர்ந்தன. மறு ஆண்டு ஒரு தாய்க்கரடி ஆடம்சைத் தாக்கியபோது, பென் ஃபிராங்க்ளின் அதன்மேற் பாய்ந்து தம் உயிரைக் காத்ததாக அவர் கூறினார். இச்செய்திகளை அவர் வாய்மொழியாகக் கேட்டுத் தியோடர் ஹிட்டெல் 1860இல் நூலாக வெளியிட்டார்.

இங்கு ஒரு பண்பாட்டு வேறுபாட்டைக் கருத வேண்டும். நம் சமூகத்தில் ஒருவர் பெயரை நாய்க்கிடுதல் அவரை இழிவுபடுத்துவதாகவே கொள்ளப்படும். பகைவரைச் சிறுமைப்படுத்த அவ்வாறு செய்வோரும் உண்டு. அமெரிக்க எல்லைப்புறத்திலோ மதிப்பிற்குரியோர் பெயரை விலங்குக்கிடுதல் அன்பின் வெளிப்பாடாகக் கருதப்பட்டது. ஒரு பெயர் சிறப்பா, இழிவா என்பதை அதனைக் கேட்கும் சமூகமே முடிவு செய்கிறது. ஆகவே பெயரிடுவோர் தம் உள்ளக் கருத்தை நோக்குதல் போலவே, கேட்போர் செவியையும் நோக்க வேண்டும்.

வீரர் பெயர்களும் அவற்றின் பொருளும்

ஒரு வீரனை ஒத்த இயல்புடைய குட்டிக்கு அவன் பெயரை வழங்குதல் உவமையாகுபெயரின் பாற்படும். 'காளை வந்தான்' என்பதில் காளையின் பெயர் வீரனுக்கு ஆகி வந்தது. இங்கே வீரன் பெயர் விலங்குக்கு ஆகி வருகிறது. அத்தகைய பெயர்கள் சிலவற்றைக் காண்போம்.

விரைந்தோடும் குட்டிக்குக் 'கோல்ட்டர்' என்னும் பெயர் பொருந்தும். லூயிஸ்-கிளார்க் குழுவிலிருந்து 1806இல் பிரிந்து மலைகளுக்கே திரும்பிய ஜான் கோல்ட்டர், யெல்லோஸ்டோன் பகுதியை முதன்முதற் கண்ட வெள்ளையர் எனக் கருதப்படுகிறார். 1808-09 காலத்தில் பிளாக்ஃபுட் இனத்தவர் அவரைப் பிடித்து, ஆடை களைந்து, ஓடவிட்டுத் துரத்தினர். அவர் வெறுங்காலுடன் முட்புதர் வெளியைக் கடந்து ஆற்றில் குதித்து, நீரில் மிதந்த மரக்குவியலின் அடியில் ஒளிந்து உயிர் பிழைத்தார்.

நோயிலிருந்து மீண்ட குட்டிக்கு ஹியூ கிளாசின் பெயர் நினைவுக்கு வரலாம். 1823இல் இன்றைய தென்டகோட்டாப் பகுதியில் கரடியால் சிதைக்கப்பட்ட இவரைக் காவலுக்கு நின்ற இருவரும் இறந்துவிடுவார் என்றெண்ணித் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு நீங்கினர். கிளாஸ் தவழ்ந்தும் நடந்தும் இருநூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்த கயோவாக் கோட்டையை அடைந்தார். 2015இல் வெளிவந்த திரைப்படம் அவரைப் பழிவாங்கும் வீரராகச் சித்திரித்தது. ஆனால் மரபுவழிச் செய்தியோ, தம்மைக் கைவிட்ட இருவரையும் அவர் கொல்லாது விடுத்தார் என்றே கூறுகிறது. இப்பெயரைச் சூட்டுவோர் பழிக்காகச் சூட்டுகின்றனரா, பொறுத்தமைக்காகச் சூட்டுகின்றனரா என்பது அவர்கள் எக்கதையை அறிவர் என்பதைப் பொறுத்தது.

அமைதியான குட்டிக்கு ஜெடிடையா ஸ்மித்தின் பெயரைச் சுருக்கி 'ஜெட்' எனலாம். 1799இல் பிறந்த இவர் முரட்டு வேட்டுவரிடையே விவிலியம் படிக்கும் ஒழுக்கமுடையவராய் விளங்கினார். கரடி இவர் தலைத்தோலையும் காதையும் கிழித்தபோது, தோழர் ஒருவரிடம் ஊசியும் நூலும் எடுத்துத் தைக்குமாறு தாமே வழிகாட்டினார். 1826இல் தென்மேற்குப் பாலை வழியே கலிஃபோர்னியாவை அடைந்தார். 1831இல் நீர்தேடிச் சென்றவிடத்துக் கொல்லப்பட்டார்.

வழி கண்டறியும் குட்டிக்குப் 'பெக்வொர்த்' பொருந்தும். ஜேம்ஸ் பெக்வொர்த் வர்ஜீனியாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். விடுதலை பெற்று மலைகளுக்குச் சென்று, குரோ இனத்தவருடன் பல்லாண்டு வாழ்ந்தார். 1850இல் சியரா நெவாடா மலையில் இவர் கண்ட கணவாய் இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. ஆயினும் 1951இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் அவர் பெயரை ஒட்டிய பாத்திரத்தை வெள்ளை நடிகர் ஒருவரே ஏற்று நடித்தார். பெயரை வைத்துக்கொண்டு ஆளை மறைத்தலும் உலகில் நிகழ்கிறது.

பெயரின் மறுபக்கம்

புகழ்பெற்ற பெயர்கள் யாவும் சூட்டத்தக்கன அல்ல. மலைமனிதருள் மிகுபுகழ் வாய்ந்தவர் கிட் கார்சன் (1809-1868). சிறுவர் கதைகளில் வீரராகப் போற்றப்பட்டவர். ஆனால் 1863-64இல் அமெரிக்கப் படையின் தலைவராக நவஹோ மக்கள்மேல் சென்ற இவர், அவர்தம் பயிர்களை எரித்தும் கால்நடைகளை அழித்தும் பட்டினியால் பணியவைத்தார். அவர் படையினர் தொடங்கிய அழிவில் நவஹோக்களின் பீச் மரத்தோட்டங்களும் வெட்டுண்டன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முந்நூறு மைல் அளவினதாகிய தொலைவு நடத்திச் செல்லப்பட்டு, போஸ்க் ரெடொண்டோ என்னும் வறண்ட நிலத்தில் அடைக்கப்பட்டனர். 1868இல் உடன்படிக்கை ஏற்பட்டபின்னரே தாயகம் திரும்பினர். 'நெடுநடை' என அம்மக்கள் இன்றும் துயரோடு கூறும் நிகழ்ச்சி இது. ஒரு வீட்டில் அன்போடு அழைக்கப்படும் பெயர் அடுத்த வீட்டில் புண்ணைக் கீறும் பெயராகவும் இருக்கக்கூடும்.

இனப்பெயர்களை நாய்க்கிடும் வழக்கமும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவில் 'டகோட்டா', 'செயென்' என்னும் பெயர்களுடைய நாய்கள் பல. இவை இன்றும் வாழும் மக்களினங்களின் பெயர்கள். டகோட்டா என்பதற்கு நட்பினர் என்று பொருள். பொருள் இனியதே. ஆயினும் நம் இனத்தின் பெயரை அயலார் தம் நாய்க்கிட்டு அழைத்தால் நாம் எவ்வாறு உணர்வோம் என்று எண்ணிப் பார்ப்பது முறையாகும்.

பெயர்களை மீளாய்வு செய்யும் போக்கு அந்நாட்டிலேயே வளர்ந்து வருகிறது. யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள டோன் மலை, 1870இல் பிகான் மக்களைக் கொன்றுகுவித்த நிகழ்ச்சியில் பங்குகொண்ட படை அலுவலர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்தது. 2022இல் அது 'முதற்குடிகள் மலை' எனப் பெயர் மாற்றம் பெற்றது. மலைக்கிட்ட பெயரை மாற்ற அரசு ஆணை வேண்டும். நாய்க்கிட்ட பெயரை, அது செவியிற் பதிந்தபின், மாற்றுவது அந்நாய்க்கு வருத்தம் தரும். ஆதலின் ஆராய்ச்சி முன்னதாகவே அமைதல் வேண்டும்.

அப்பழங்குடி மக்களின் பெயரிடும் திறத்தையும் இங்குக் கூறுதல் தகும். குதிரை வருமுன் அவர்களுக்குச் சுமையிழுத்தது நாய். குதிரையைக் கண்டபோது அவர்கள் நாயையே அளவுகோலாகக் கொண்டனர். பிளாக்ஃபுட் மொழியில் குதிரைக்கு 'கடமான்நாய்' என்னும் பொருளுடைய பெயரும், லக்கோட்டா மொழியில் 'புனிதநாய்' என்னும் பொருளுடைய பெயரும் அமைந்தன. புதியதை அறிந்ததைக் கொண்டு பெயரிடும் இம்முறை மொழியியலார் போற்றற்குரியது.

செவிக்குரிய பெயர்

கதை எவ்வளவு சிறந்ததாயினும், அழைக்கப்படுவது குட்டியின் செவி அன்றோ? அச்செவிக்குரிய நெறிகள் சில உள.

முதலாவது, பெயர் ஈரசையளவில் அமைதல் நன்று. செனோபோன் கூறியதும் இதுவே. ஜெடிடையா என்று நீட்டி அழைப்பதற்குள் குட்டி சாலையைக் கடந்துவிடும், 'ஜெட்' போதும்.

இரண்டாவது, பயிற்சிக் கட்டளைச் சொற்களோடு ஒலியொப்புமை கூடாது. நாய்களை ஆங்கிலக் கட்டளைகளால் பழக்குதலே பெருவழக்கு. 'கிட்' என்னும் பெயர் உட்காரச் சொல்லும் 'சிட்' என்பதோடு இயைகிறது. மலைமனிதர் ஜோ மீக்கின் பெயரை ஒட்டி 'ஜோ' என்றழைத்தால், அது 'நோ' என்னும் மறுப்போடு மயங்கும். அழைக்கிறார்களா, கடிகிறார்களா என்று அறியாது குட்டி திகைக்கும். எதுகையின் அருமை செய்யுளிற் சிறக்கும், பயிற்சியிற் சிறவாது.

மூன்றாவது, வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே பெயரை ஒரே வகையாக ஒலித்தல் வேண்டும். தாத்தா ஒன்று, பேரன் ஒன்று என அழைப்பின் குட்டிக்குப் பெயரே இல்லையாகும்.

நான்காவது, பெயரைச் சொன்னதும் குட்டி திரும்பி நோக்கினால் சிறிது உணவோ, தடவலோ, இன்சொல்லோ கிடைத்தல் வேண்டும். பெயரைச் சொல்லி அடித்தலும் கடிதலும் தகா. அடியோடு கலந்த பெயரைக் கேட்டு எவ்வுயிரும் ஓடிவராது. இம்முறையில் பழக்கினால் எட்டு வாரக் குட்டியும் சில நாட்களிலேயே தன் பெயரை உணரத் தொடங்கிவிடும்.

ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 2016இல் ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் நாய்களின் மூளை இயக்கத்தைப் படமெடுத்து ஆராய்ந்தனர். பாராட்டுச் சொல்லும் பாராட்டுத் தொனியும் ஒருங்கே அமைந்தபோதே நாய்மூளையின் மகிழ்ச்சிப் பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது. சொல்லும் ஓசையும் ஒன்ற வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 2019இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பலர் ஒருசேரப் பேசும் இரைச்சல் பெயரின் ஒலியளவிற்குச் சமமாக இருந்தபோதும் நாய்கள் தம் பெயரை இனங்கண்டு செவிசாய்த்தமை புலனாயிற்று. சந்தை இரைச்சலிலும் தன் பெயரைக் கேட்டறியும் உயிர் அது.

சுல்தான் என்னும் நாய்

மலைமனிதரின் நாய்களுள் நம் நெஞ்சை மிகவும் தொடுவது ஜிம் பிரிட்ஜரின் நாயாகும். 1804இல் பிறந்த பிரிட்ஜர், பதினெட்டு வயதில் ஆஷ்லியின் குழுவில் சேர்ந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் பிரெஞ்சும் ஸ்பானிய மொழியும் பழங்குடி மொழிகள் பலவும் பேசியவர். 1824-25 காலத்தில் பெருஉப்பேரியை அடைந்து, நீரைச் சுவைத்து, பசிபிக் கடலின் கரையையே அடைந்துவிட்டதாக எண்ணியவர் என்பர். மரமும் பறவையும் கல்லாய்ச் சமைந்த காடு, மாலையில் கூவினால் காலையில் எதிரொலித்துத் துயிலெழுப்பும் மலை என அவர் கூறிய கற்பனைகள் பல. வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி அவர் சொன்ன உண்மைகளையும் அவற்றோடு சேர்த்துப் பொய்யென்றே உலகம் நகைத்தது.

மலைகளின் வழிகளையெல்லாம் உள்ளத்தில் வரைந்து வைத்திருந்த அவருக்கு முதுமையில் கண்ணொளி மங்கிற்று. மிசௌரியில் கான்சாஸ் நகரை அடுத்த பண்ணையில் அவர் வாழ்ந்த இறுதி நாட்களைப் பற்றி அவருடைய மகள் பிற்காலத்தில் எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். அவருக்குச் சாதுவான முதிய குதிரை ஒன்று இருந்தது. நாய் ஒன்றும் இருந்தது. அந்நாயின் பெயர் 'சுல்தான்'. குதிரையேறி உலவச் செல்லும் பிரிட்ஜர் சிலபோது வழிதவறிவிடுவார். அப்போது சுல்தான் வீட்டிற்கு ஓடிவந்து குரைத்து அறிவிக்கும். மகளார் சென்று தந்தையை அழைத்து வருவார்.

ஆட்சியுரிமை என்னும் பொருளில் அரபியில் வழங்கி, மன்னரைக் குறிக்கலான சொல், கடல்களையும் நாடுகளையும் கடந்து, மிசௌரிப் பண்ணையொன்றில் ஒரு நாயின் பெயராய் நின்றது. ஒரு கண்டத்துக்கே வழிகாட்டியவருக்கு வீட்டுக்கு வழிகாட்டியது அந்நாய். பிரிட்ஜர் 1881இல் மறைந்தார். அவர் பெயர் கோட்டைக்கும் கணவாய்க்கும் காட்டிற்கும் சூட்டப்பட்டுள்ளது. சுல்தானின் பெயரோ ஒரு மகளின் கடிதத்தில் மட்டும் தங்கியது. ஆயினும் அழியாது தங்கியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். நாய்க்குருளைக்கு மலைமனிதர் மரபிலிருந்து பெயர் தேர விரும்புவோர், முதலில் அப்பெயருக்குரியவரின் கதையை முழுமையாக அறிதல் வேண்டும். புகழ் மட்டும் போதாது. அடுத்து, அப்பெயரைக் கேட்பவருள் எவரேனும் புண்படுவரோ என்று எண்ணுதல் வேண்டும். ஐயம் எழுமாயின், மனிதர் பெயரை விடுத்து ராம்ப்ளர், சீமன் போன்று இயல்பையோ தொழிலையோ குறிக்கும் காரணப்பெயரைக் கொள்ளுதல் சாலும். பின்னர், அது குட்டியின் செவிக்கு எளிதாகவும் கட்டளைச் சொற்களோடு மயங்காததாகவும் இருத்தல் வேண்டும். பெயர் முடிவானபின் அதனை ஓரிடத்தில் பிழையின்றி எழுதிவைத்தலும் நன்று. கடலோடிக்கு நேர்ந்தது பிறவற்றுக்கு நேராதிருக்கட்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெயரிட்டு அழைத்த உயிரைப் பின்னர்த் தெருவில் விட்டுவிடுதல், கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதற்கு ஒப்பாகும். குட்டிப் பருவத்தின் அழகு சில திங்களில் மாறிவிடும்; உண்பதற்கும் உலவுவதற்கும் நோய்க்கும் முதுமைக்கும் பிறர் துணை வேண்டிய வாழ்வு பத்தாண்டுக்கு மேலும் நீளக்கூடும். அத்தனை ஆண்டும் அப்பெயரை அழைத்துக்கொண்டிருக்க மனமுடையவரே பெயரிடத் தகுதியுடையவர். அம்மனமில்லாதார் பெயரிடாது விடுதலே அவ்வுயிர்க்குச் செய்யும் நன்மையாகும்.